என் அறியாமையால் என்று எழுதிக் கொடுத்தேன்

“கண்டியத் தாண்டிப் போகாத பொம்பளப்புள்ள, பூமிசாஸ்திரத்துல என்னத்தச் சொல்லிக்குடுக்கப் போகுது?”

எங்கள் பள்ளிக்கூடத்து மனேஜர் இதைக் கேட்டது என்னிடம் அல்ல, தலைமையாசிரியரிடம். நானும் அதே அறையில், அவருடைய கதிரைக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. பயிற்சிக் கல்லூரியின் அத்தாட்சிப் பத்திரம் கையில் இருந்தது. நேரே கரும்பலகைக்குப் போய், மகாவலி ஆற்றை மலையில் தொடங்கி கம்பளை, பேராதெனியா, கட்டுகஸ்தோட்டை என்று வளைத்து, தும்பறைப் பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கே இறக்கி, திருகோணமலைக் கடலில் கொண்டுபோய் விட்டேன். ஒரு இடத்திலும் அழிக்கவில்லை. மனேஜர் பார்த்துவிட்டு, “கோடு நல்லாத்தான் இழுக்குது” என்றார். வேலை கிடைத்தது.

பன்னிரண்டு வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இப்போது விலகிவிட்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் சரசுவதி டீச்சர் போன மாதம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அக்கா, கலியாணம்னு சொன்னாங்க. இன்னொருத்தர் நெஞ்சு வருத்தம்னு சொன்னார். எது சரி?”

இரண்டும் சரியில்லை. எனக்குக் கலியாணமும் இல்லை, வருத்தமும் இல்லை. இருப்பது கோபம். முப்பத்தொரு வயதில் ஒரு பெண் கோபத்தினால் வேலையை விட்டாள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தகப்பனார் நகரசபையில் குழாய் வேலை செய்தவர். கண்டித் தெருக்களுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று அவருக்குத் தெரியும். தெருவின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். பயிற்சிக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம், விடிய எழுந்தோம், மாதிரிப் பாடம் எடுத்தோம், குறிப்புப் புத்தகத்தில் ஓரம் விட்டு எழுதப் பழகினோம். அங்கே நான் கற்றவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மணல் தட்டு.

மணல் தட்டு என்பது, ஆளுயர நீளத்தில் பலகைச் சட்டம் அடித்து, அடியில் தகரம் வைத்து, ஆற்று மணல் நிரப்பிய ஒரு தட்டு. அதில்தான் நாடுகளைச் செய்து காட்டுவோம். பாலத்துக்குக் கீழே மணல் அள்ளுபவர்களிடம் கேட்டு வாங்கி, மூன்று தண்ணீரில் அலசி, அரித்து, வெயிலில் காயவைப்பேன். பாடத்துக்கு முன்னால் அளவாகத் தண்ணீர் தெளிக்கவேண்டும். கூடினால் மலை வழிந்துவிடும், குறைந்தால் உதிர்ந்துவிடும். கடலுக்கு நீலக் கடதாசி, காட்டுக்குப் பாசி, பாலைவனத்துக்குச் செங்கல் தூள். பிள்ளைகள் சுற்றி நின்று குச்சியால் தொட்டுப் பதில் சொல்வார்கள்.

எங்கள் தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய வாத்தியார் என்போம். அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. கண்டிருந்தால் ஒருவேளை மதித்திருப்பேன். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, “நமக்கு எதுக்கும்மா?” என்பார். அவருடைய அறையில் ஒரு அலுமாரி. அதன் திறப்பு அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அலுமாரிக்குள் கறுப்பு அட்டை போட்ட பள்ளிப் பதிவேடு. யாராவது பிந்தி வந்தாலும், பிள்ளை மரத்திலிருந்து விழுந்தாலும், சிவப்பு மையில் அதில் எழுதுவார். எழுதி, ஒற்றுத்தாளை வைத்து அழுத்தி, சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, “வாசிங்கம்மா” என்பார். நாம் நம்முடைய குற்றத்தை உரக்க வாசிக்கவேண்டும். பிறகு கையெழுத்து. வாசித்து முடியும்வரை உட்காரச் சொல்லமாட்டார்.

எங்களுக்கு வைத்த பூமிசாஸ்திரப் புத்தகம் இங்கிலீசிலிருந்து மொழிபெயர்த்தது. அதில் வெப்ப நாடுகளைப் பற்றிய பாடத்தின் கடைசியில் இப்படி இருந்தது: “மழை மிகுந்த வெப்ப நாடுகளில் வாழ்வோர், இயற்கை யாவற்றையும் எளிதில் அளிப்பதால், உழைப்பில் நாட்டமற்றவர். அரைப் பாலைவன நாடுகளில் வாழ்வோர், உழைத்தும் பயன் காணாமையால், சோம்பல் மிக்கவர். நீரைச் சேமிக்கும் அறிவு அற்றவர்.” முதலாவதற்கு உதாரணம் இலங்கையின் மலைநாடு. இரண்டாவதற்கு உதாரணம் இராமநாதபுரச் சீமை.

மழை பெய்தாலும் நாங்கள் சோம்பேறிகள், பெய்யாவிட்டாலும் சோம்பேறிகள். இப்படி ஒரு வாக்கியத்தை வாசித்த அன்றே புத்தகத்தை மூடியிருக்கவேண்டும். நான் மூடவில்லை. நாலு வருடம் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொடுத்தேன். அச்சில் வந்தது எல்லாம் உண்மை என்று நினைத்தேன். முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

ஐந்தாவது வருடம் எட்டாம் வகுப்பில் வள்ளி என்று ஒரு பிள்ளை. பதினாலு வயது. தகப்பன் இல்லை. தாய் இருளாயி கொக்கோ ஸ்டோரில் கூலி வேலை. அந்த வகுப்பில் ஆறு பெண்பிள்ளைகள்தான்; கூலி வேலை செய்பவர் வீட்டிலிருந்து வந்தவள் இவள் ஒருத்திதான். எட்டாம் வகுப்பில் தேறினால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவ ஆசிரியையாகச் சேரலாம். தேறாவிட்டால் அடுத்த திங்கட்கிழமையே தாயோடு கொக்கோ கொட்டை கழுவப் போகவேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வெப்ப நாட்டுப் பாடம் முடிந்ததும் வள்ளி எழுந்தாள். “டீச்சர், தண்ணிய சேக்கத் தெரியாதவங்கன்னா கம்மாய யாரு வெட்டுனா?”

“புத்தகத்தவிட உனக்குக் கூடுதலாத் தெரியுமோ? உக்காரு” என்றேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவர்களை அதட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மணல் மாற்றுவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். இருளாயி வந்து வாசலில் நின்றாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள் இருப்பாள். எவ்வளவு கழுவினாலும் போகாத கொக்கோப் புளிப்பு வாசனை அவள் கையில்.

“டீச்சரம்மா, எங்க ஊரப் பத்தி என்னமோ புஸ்தகத்துல போட்டிருக்காமே. மக சொன்னா. வாசிங்க, கேப்போம்.”

வாசித்தேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து, பிள்ளைகள் உட்காரும் வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

“இத எழுதுனவரு எங்க ஊர்ல யாரு வீட்டுல கை நனைச்சாராம்?”

“அவர் வந்திருக்கமாட்டார் அக்கா.”

“அதான பாத்தேன். வந்திருந்தா, செருப்போட ஊறணிக் கரையில ஏறுனதுக்கே தொரத்தியிருப்பாக.” பிறகு மணல் தட்டைப் பார்த்தாள். “இந்த மண்ணத் தொடலாமா?”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் மணலில் வைத்தாள். நான் ஒரு வாரமாகச் செய்திருந்த மலையை ஒரே தள்ளில் ஓரத்துக்கு ஒதுக்கி, தண்ணீர் தேக்கும் கண்மாய் ஒன்றைச் செய்யத் தொடங்கினாள்.

“இது கரை. நேராப் போடக்கூடாது, பெறை மாதிரி வளைக்கணும். நேராப் போட்டா மொத வெள்ளத்துக்கே முறிஞ்சிரும். இது மடை. இது கலுங்கு. கம்மா நெறஞ்சா மிச்சத் தண்ணி இது வழியாப் போயி அடுத்த ஊருக் கம்மாயில விழும். அது நெறஞ்சா அதுக்கடுத்த ஊரு. இப்பிடியே போகும்.”

“கலுங்கைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் எல்லாத் தண்ணியும் நம்ம ஊருக்கே ஆகுமே?”

“ஆகும். அப்பறம் கீழூர்க்காரன் பொண்ணு குடுக்கமாட்டான். நம்ம ஊருத் திருவிழாவுக்கு வரமாட்டான், மம்பட்டியோடதான் வருவான்.” ஒரு குச்சியை மடையில் நட்டாள். “இவரு நீர்பாய்ச்சி. யாரு வயலுக்கு எப்பத் தண்ணின்னு இவருதான் நெழல அடியால அளந்து தெறந்துவிடுவாரு. இவருக்கு அந்தக் கம்மாய்க்குக் கீழ சொந்த வயலு இருக்கக் கூடாது.”

“ஏன்?”

“என்ன டீச்சரம்மா இப்பிடிக் கேக்குறீக? இருந்தா தன் வயலுக்குத் திருப்பிருவாருல்ல?”

எனக்கு முகம் சுட்டது. கேட்டுக்கொண்டே போனேன். குடிக்கிற தண்ணீருக்குத் தனியாக ஊறணி. அதில் கால் வைக்கக்கூடாது, குடத்தை வெளியே கழுவிவிட்டுத்தான் இறங்கவேண்டும். கோடையில் ஊறணி வற்றினால் நடுவில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் கோருவார்கள். ஒரு குடம் நிறைய அரைப் பொழுது. வரகை மண் குலுக்கையில் கொட்டி வாயை மெழுகிவிட்டால் வருடக்கணக்கில் கெடாது. இரண்டு வருடம் மழை பொய்த்தாலும் அதுதான் கஞ்சி. நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.

“இதையும் எழுதிக்கிருங்க. ஊறணியில எங்க தெருவுக்குத் தனி எறக்கம். மேலத்தெருப் பொம்பளைக வந்தா நாங்க ஒதுங்கி நிக்கணும். கொடத்துல பாதி ரொம்பியிருந்தாலும் நிக்கணும். நல்லது மட்டுந்தான் எழுதுவீகளா?”

அதையும் எழுதினேன்.

அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பாடத்தை இருளாயி மணல் தட்டில் செய்த கண்மாயை வைத்தே நடத்தினேன். பாடக் குறிப்பு முழுவதையும் விரிவாக எழுதி, வழக்கம்போல வெள்ளிக்கிழமை பெரிய வாத்தியாரின் மேசையில் வைத்தேன். அவர் வழக்கம்போலச் சிவப்பு மையில் தன் சுருக்கக் கையெழுத்தை இட்டுத் திருப்பிக் கொடுத்தார். அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து வித்தியாதரிசி வந்தார். வருடத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்திலிருந்து வந்து பிள்ளைகளைச் சோதிக்கிற உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துக்காரர். மூடிய கோட்டு, தலைப்பாகை, சப்பாத்து. நல்ல கதிரைக்கு வெள்ளைத் துணி விரித்து, இளநீர் வைத்து, பெரிய வாத்தியார் பக்கத்தில் நின்றார். அன்று முழுவதும் அவர் உட்காரவில்லை. வித்தியாதரிசியிடம் பெயர்ப் பட்டியலும் ஒரு நீலப் பென்சிலும். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிடுவார். வாசிப்பு, கணக்கு, பூமிசாஸ்திரம். எல்லாவற்றிலும் ‘சரி’ வந்தால் தேறினது. ஒன்றில் பிழை போட்டாலும் போயிற்று.

வள்ளி வாசிப்பில் ஒரு சொல் தவறவில்லை. கணக்கில் மற்றவர்களுக்கு முன்னால் சிலேட்டைக் கவிழ்த்தாள். பிறகு மணல் தட்டுக்கு வந்து குச்சியை எடுத்தாள்.

“அரைப் பாலைவன நாட்டுச் சனங்களின்ரை இயல்பு என்ன?”

“மழை குறைவாகப் பெய்வதால், அவர்கள் பெய்த மழையைக் கண்மாய்களில் தேக்கி வைப்பார்கள் ஐயா. ஒரு கண்மாய் நிறைந்தால்...”

“அதை விடு. இயல்பு. குணம் என்ன?”

“உழைப்பாளிகள் ஐயா.”

நீலப் பென்சில் நின்றது. “புத்தகத்திலை என்ன கிடக்கு?”

“சோம்பேறிகள்னு இருக்கு ஐயா.”

“பிறகேன் மாத்திச் சொல்லுறாய்?”

“எங்கம்மா அந்த ஊரு ஐயா” என்றாள் வள்ளி. கடைசி வாங்கிலிருந்து யாரோ ஒருவன் சிரித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குச்சியை மடையின் மேல் வைத்தபடி நின்றாள். வித்தியாதரிசி ஒரு நீலக் குறுக்கைப் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இடைவேளையில் நான் அறைக்குள் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன்.

“ஐயா, அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னாள். பிழை என்றால் என்மேல் போடுங்கள்.”

வித்தியாதரிசி இளநீரைக் குடித்து முடித்தார். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. “ரீச்சர், எங்கடை ஊரிலை ஆறு இருக்கோ? இல்லை. கிணறுதான். சின்ன வயதிலை விடிய எழும்பித் துலா மிதிச்ச கால் இது. தண்ணியில்லாத ஊர்ச் சனம் சோம்பேறியோ இல்லையோ எண்டு எனக்கு நீங்கள் சொல்லித் தரவேண்டாம்.”

“அப்படியென்றால் ஏன் ஐயா பிழை போட்டீர்கள்?”

“நான் சோதிக்க வந்தது புத்தகத்தை. ஊரை இல்லை.”

தெரியாமல் செய்கிறவனோடு பேசலாம். தெரிந்துகொண்டு, தன் காலையே சாட்சிக்குக் காட்டிவிட்டு, அதே காலால் ஒரு பிள்ளையை மிதிக்கிறவரோடு என்ன பேசுவது? நான் பெரிய வாத்தியாரைப் பார்த்தேன். “ஐயா, என் பாடக் குறிப்பில் எல்லாம் எழுதியிருந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “நான் வாசிக்கலம்மா. கையெழுத்துத்தான் போட்டேன்.”

இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு பெரிய வாத்தியார் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். ஐயா வெள்ளிக்கிழமை வரை கண்டியில் தங்குவார். பாடத்தைப் பிழையாகச் சொல்லிக்கொடுத்தது ஆசிரியை என்று பதிவேட்டில் இருந்தால், வள்ளியை மறுபடி சோதிக்க விதியில் இடம் உண்டு. வாக்கியத்தைக்கூட அவரே தயாராக்கிவிட்டார்: “அங்கீகரிக்கப்பட்ட புத்தகத்துக்கு மாறான செய்திகளை என் அறியாமையால் மாணவருக்குக் கற்பித்தேன்.”

“‘வேண்டுமென்றே கற்பித்தேன்’ என்று எழுதுகிறேன். அதில் கையெழுத்துப் போடுகிறேன்.”

“அப்பிடி எழுதினா உங்க வேலை போயிரும். புள்ளைக்கும் மறுசோதினை கெடைக்காது. அறியாமைன்னா மன்னிப்பு உண்டும்மா. ஒரு சொல்லு. நமக்கு எதுக்கு?”

அது ஒரு சொல் அல்ல. என் தகப்பனார் ரேகை வைத்துச் சம்பளம் வாங்கியவர். என் தாயார் கடதாசியில் சுற்றி வந்த சீனியைக் கொட்டிவிட்டு அந்தக் கடதாசியை என்னிடம் கொடுத்து, “என்ன போட்டிருக்கு, வாசி” என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவர். எங்கள் குடும்பத்தில் அறியாமை என்று எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அதை என்னைப் பற்றியே எழுதச் சொன்னார்கள்.

அலுமாரி திறந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவர் ஒற்றினார். “வாசிங்கம்மா” என்றார். நின்றுகொண்டே உரக்க வாசித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் வள்ளியை நிறுத்தி, நாளைக்கு எதைச் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

“அப்ப நீங்க சொல்லிக்குடுத்தது பொய்யா டீச்சர்?”

“இல்ல.”

“அப்ப ஏன் மாத்திச் சொல்லணும்?”

“அவர் கேக்கிறது புத்தகத்த.”

வள்ளி கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நான் ‘புத்தகத்தில் உள்ளபடி அவர்கள் சோம்பேறிகள்’னு சொல்லட்டா? அது பொய்யில்லையே.”

பன்னிரண்டு வருடத்தில் ஒரு மாணவி என்னிடம் சொன்ன ஆகச் சரியான பதில் அது. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் படித்தவர்கள் பேசிப் பேசிக் காணாத வழியைப் பதினாலு வயதுப் பிள்ளை கண்டுபிடித்தாள். நான் பயந்துவிட்டேன். வித்தியாதரிசி அதை எதிர்ப்பேச்சு என்று எடுத்துக்கொள்வாரோ, நான் போட்ட கையெழுத்து வீணாகுமோ என்று பயந்தேன்.

“வேணாம். அப்பிடியே சொல்லிரு. ஒண்ணும் சேக்காத” என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுசோதனை நடந்தது. மணல் தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வள்ளி மேசைக்கு முன்னால் நின்றாள். நான் கதவோரம். யன்னலுக்கு வெளியே இருளாயி. மகளுக்குத் திரும்பவும் சோதனை என்று கேட்டு, ஸ்டோரில் கங்காணியிடம் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டு, கழுவாத கையோடு ஓடி வந்திருந்தாள்.

“இயல்பு என்ன?”

“அரைப் பாலைவன நாடுகளில் வாழ்வோர், உழைத்தும் பயன் காணாமையால், சோம்பல் மிக்கவர், நீரைச் சேமிக்கும் அறிவு அற்றவர்” என்றாள் வள்ளி, ஒரே மூச்சில், குரலில் ஒன்றும் இல்லாமல்.

“உதாரணம்?”

“இராமநாதபுரச் சீமை.”

“சரி” என்று நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது இருளாயி என்னிடம், “பாஸா?” என்று கேட்டாள்.

“பாஸ் அக்கா.”

“அப்பச் சரி.” கையை முந்தானையில் துடைத்தாள். “என் மக வாயால கேக்கத்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு. வேற யாரும் சொன்னா சிரிச்சிட்டுப் போயிருவேன்.” சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வள்ளி எங்கள் இரண்டு பேருக்கும் நிற்காமல் புத்தகங்களை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்றே விலகியிருப்பேன். ஆனால் நான் விலகினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பதிவேடு திறக்கும். வள்ளியின் தேர்ச்சியைத் தொடுவார்கள். அவளுக்கு நியமனம் வந்து உறுதியாகும்வரை இருப்பது என்று முடிவு செய்தேன். நினைத்ததைவிட நீண்டுவிட்டது. மாணவ ஆசிரியை, பிறகு பயிற்சி, பிறகு இடத்துக்குக் காத்திருப்பு. அத்தனை வருடமும் அதே புத்தகம். நான் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கவைத்துவிட்டு ஒன்றும் விளக்காமல் அடுத்த பாடத்துக்குப் போவேன். இதற்கிடையில் பெண்களுக்கும் வோட்டு வந்தது, பாலத்தில் மாட்டு வண்டியைவிட பஸ் அதிகமாயிற்று. புத்தகத்தில் அந்தப் பக்கம் மாறவில்லை. போன வருடக் கடைசியில் வள்ளிக்குப் பிலிமத்தலாவைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர நியமனம் வந்தது. கடிதத்தை என்னிடம் காட்டிய மறுநாள் நான் என் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். பெரிய வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து, “நல்ல இடமாம்மா? மாப்பிள்ளை என்ன செய்றார்?” என்று கேட்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பாலத்தடியில் சரசுவதி டீச்சர் கலியாணத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. தயங்கித் தயங்கி இன்னொன்றையும் கேட்டாள்.

“அக்கா, கோவிக்காதீங்க. வேலைக்குச் சேந்த அன்னைக்கே பெரிய வாத்தியார் பதிவேட்டத் தெறந்து ஒரு பக்கத்தக் காட்டினார். ‘வாசிங்கம்மா’ன்னார். வாசிச்சேன். கீழ உங்க கையெழுத்து. ‘படிச்சவங்கதான், ஆனாலும் அறியாமை. நீங்க புத்தகத்த விட்டு வெலகாதீங்க’ன்னார். புதுசா வர்ற எல்லாருக்கும் காட்டுறாராம். நீங்களா அப்பிடி எழுதினீங்க?”

ஆமாம், நான்தான் எழுதினேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதற்குப் போட்ட கையெழுத்து, இன்றைக்கு எல்லா ஆசிரியைகளையும் வாய்மூட வைக்கும் பூட்டாகத் தொங்குகிறது. அந்தப் பூட்டு என் பெயரில் இருக்கிறது.

பிலிமத்தலாவைக்குப் போய் வள்ளியிடம் சொன்னேன். உண்மையை எழுதி மேலே அனுப்பப் போகிறேன், ஆனால் உன் சம்மதம் வேண்டும் என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. “என்னைய நிப்பாட்டிட்டாங்கன்னா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நிறுத்தமாட்டார்கள் என்று நான் உறுதி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

“எழுதுங்க டீச்சர்” என்றாள் வள்ளி. “ஆனா நான் ரெண்டாந்தடவ சொன்னது என் பதில் இல்லைன்னும் எழுதுங்க.”

“எங்க ஸ்டோர்ல எங்க ஊர்ப் பக்கத்துப் பொம்பளைக நெறையாப் பேரு” என்றாள் இருளாயி. “கேட்டா ரேகை வைப்பாக. எனக்கு முந்தி யாரும் வைக்கக் கூடாது, ஆமா.”

மனு நாலு பக்கம். புத்தகத்திலிருந்து அந்த வாக்கியத்தை எடுக்கவேண்டும் என்று முதல் பக்கம். கண்மாய், கலுங்கு, நீர்பாய்ச்சி, ஊறணி, அங்கே ஒதுங்கி நின்ற பெண்கள் எல்லாம் இரண்டாம் மூன்றாம் பக்கம். சொன்னவர் இருளாயி என்று பெயர் போட்டு. நாலாம் பக்கம் என்னுடையது: பதிவேட்டில் உள்ள வாக்கியம் பொய், நான் அறியாமையால் கற்பிக்கவில்லை, அறிந்தே கற்பித்தேன், அந்த வாக்கியத்தைக் கட்டாயத்தின்பேரில் எழுதினேன், வள்ளி இரண்டாந்தடவை சொன்னது அவள் பதில் அல்ல, பதிவேட்டில் அதை வெட்டிவிட்டு இதை எழுதவேண்டும். என் கையெழுத்துக்கும் ரேகைகளுக்கும் தனியாக ஒரு தாள்; வள்ளியிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

தபாலில் போடவில்லை. போன புதன்கிழமை கண்டியில் உள்ள கல்விக் கந்தோருக்கு நானே கொண்டுபோனேன். மேசையில் இருந்த கிளாக்கர் தாள்களைப் புரட்டினார். கடைசித் தாளில் நின்றார்.

“என்னம்மா இது, முழுக்கப் பெருவிரலா இருக்கு? யார் இவங்கள்ளாம்?”

“கொக்கோ ஸ்டோரில் வேலை செய்றவங்க. காலை ஆறு மணியிலிருந்து.”

“ஒரு கையெழுத்துத்தான் இருக்கு. இது யாரு?”

“நான்.”

“டீச்சரா?”

“இருந்தேன்.”

அவர் தாள்களைப் பக்கத்திலிருந்த கட்டுக்கு மேல் வைத்துவிட்டு, “சரி, பார்ப்பாங்க. நீங்க போகலாம்” என்றார்.

நான் போகவில்லை. பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு எழுதித் தரும்படி கேட்டேன். அப்படி வழக்கம் இல்லை என்றார். எழுதும்வரை நிற்பேன் என்றேன். வரிசை எனக்குப் பின்னால் வாசல்வரை நீண்டபோது எழுதித் தந்தார். தேதி, பக்கங்கள் நாலு, ரேகைகள் முப்பத்திரண்டு, கையெழுத்து ஒன்று. அதை நின்ற இடத்திலேயே உரக்க வாசித்துச் சரிபார்த்துவிட்டு, அவரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன்.